டெம்ப் என்றால் எந்த டெம்ப்?

கேள்வி: ஜவ்வரிசி மில்லில் உலர்த்தும் அறையின் சூட்டை அளக்க ஒரு கருவி செய்கிறேன். நிரல் சி மொழியில். இரண்டு மதிப்புகளை இடம் மாற்ற ஸ்வாப் என்று ஒரு மேக்ரோ (பெயரைச் சொன்னால் அதற்குரிய வரிகள் அங்கே வந்து ஒட்டும் சுருக்கம்) எழுதினேன். உள்ளே கைமாற்றுக்கு டெம்ப் என்று ஒரு மாறி. மற்ற இடங்களில் சரியாக ஓடுகிறது. ஸ்வாப்(பழசு, டெம்ப்) என்று எழுதிய இடத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை. ஏன்?
- வாசகர், ஆத்தூர்

பதில்: தம்பி, உங்கள் டெம்ப் டெம்பரேச்சர். மேக்ரோவின் டெம்ப் டெம்பரரி. சண்டை அங்கேதான்.

மேக்ரோ ஃபங்ஷன் இல்லை. கம்பைலர் பார்க்கும் முன்பே ப்ரீபிராசசர் அதை வெறும் எழுத்தாக ஒட்டிவிடும். ஒட்டியதும் உங்கள் வரி இப்படி ஆகிறது:

{ இன்ட் டெம்ப் = பழசு; பழசு = டெம்ப்; டெம்ப் = டெம்ப்; }

எல்லா டெம்ப்பும் உள்ளே பிறந்ததுதான். பழசு தன் மதிப்பையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் சூட்டை யாரும் தொடவில்லை. வீட்டுக்குள் ஒரு செந்தில் இருந்தால், உள்ளே கூப்பிடும் குரல் தெருவில் நிற்கும் செந்திலுக்கு எட்டாது. சி மொழியில் இது குற்றமும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு எடை மேடைக்கு போர்டு செய்தபோது நானும் இதில் மாட்டினேன். இரண்டு ராத்திரி சென்சாரைச் சந்தேகப்பட்டு, புதிதாக ஒன்று வாங்கியும் மாட்டினேன். கடைசியில் ஜிசிசி என்ற கம்பைலரை -ஈ போட்டு ஓட்டி, விரிந்த வரியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

இரண்டு பக்கமும் இன்ட் (முழு எண்) தான் என்றால் மேக்ரோவே வேண்டாம். சி மொழியின் 1999 தரமான சி99 முதல் இருக்கும் ஸ்டேட்டிக் இன்லைன் ஃபங்ஷனாக எழுதி, முகவரிகளை அனுப்புங்கள். பல வகைகளுக்கும் வேண்டுமென்றால் மேக்ரோவை வைத்துக்கொண்டு உள்மாறிக்கு ஸ்வாப்_டெம்ப்_ என்று பெயரிடுங்கள். அடிக்கோட்டைக் கடைசியில் போடுங்கள். இரண்டு அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் கம்பைலருக்கு ஒதுக்கியவை. நிரலின் லைன் எண்ணை உள்மாறியின் பெயரோடு ஒட்டுகிறவர்களும் உண்டு. பெரிய மதிப்பைத் தரும் மேக்ஸ் மேக்ரோவை அப்படிச் செய்து, மேக்ஸுக்குள் மேக்ஸ் என்று ஒரே வரியில் எழுதினால் அந்த எண் இரண்டுக்கும் ஒன்றுதான், மறுபடி அதே கதை. ஜிசிசியின் கவுன்ட்டர் ஒவ்வொரு முறையும் புது எண் தரும், ஆனால் அது சி99 தரத்தில் கிடையாது.

அப்புறம், -டபிள்யூஷேடோ போட்டு கம்பைல் செய்யுங்கள்; உள்ளே இருக்கும் பெயர் வெளியே இருக்கும் அதே பெயரை மறைத்தால் எச்சரிக்கும். வழக்கமான எச்சரிக்கைகளுக்கான -டபிள்யூஆல் போட்டால் அது தானாகச் சேராது. என் பழைய நிரலில் போட்டுப் பார்த்தபோது பதினொரு எச்சரிக்கை வந்தது.