பூனைக்கும் பூச்செடிக்கும் ஆகுமா?

கேள்வி: ஆறு மாதம் முன்பு ஒரு பூனைக்குட்டி எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாசலில் செம்பருத்தி, மல்லி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி இருக்கின்றன. பூஜைக்காகப் பின்பக்கம் அரளியும் உண்டு. குட்டி எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிறது. "எது ஆகும், ஆகாதுன்னு அதுக்கே தெரியும்" என்கிறார் மாமியார். செடிகளைப் பிடுங்கிவிடவா, டாக்டர்?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: மாமியார் கோபித்துக்கொண்டாலும் சரி, பூனைக்கு அதெல்லாம் தெரியாதம்மா. ஆடுகிற இலையைக் கண்டால் குட்டி பாயத்தான் செய்யும்.

செம்பருத்தி, மல்லி, இட்லிப்பூ மூன்றும் இருக்கட்டும். இலையைத் தின்றுவிட்டு ஒருமுறை கக்கினால் பதற வேண்டாம். புல்லைத் தின்றாலும் அப்படித்தான் கக்கும்.

அரளிதான் வேண்டாம். இலை, பூ, காய்ந்த சருகு எல்லாமே இதயத்துடிப்பைக் குலைக்கும் விஷம். அரளிப்பூ மிதக்கும் உருளித் தண்ணீரையும் குட்டி நக்கக் கூடாது. நித்தியகல்யாணியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே பூனை இல்லையென்றால். நாய்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுக்கட்டிக்கு நாங்கள் ஊசியாகப் போடும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான். கையுறை இல்லாமல் அந்த மருந்துக் குப்பியை நான் தொடுவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கல்யாண வரவேற்பில் கிடைக்கும் பூங்கொத்தில் பெரிய லில்லிப் பூக்கள் இருக்குமே, அவற்றை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஒருமுறை ஓர் அம்மா கூடையில் பூனையோடு வந்தார். மூக்கின் மேல் செங்காவி நிறத்தில் பொடி. மஞ்சள்பொடி டப்பாவைத் தட்டிவிட்டிருக்கும் என்று விட்டுவிட்டாராம். அது லில்லியின் மகரந்தம். மேலே ஒட்டிய தூளை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். ஜாடித் தண்ணீரும் ஆபத்து. அவர் வந்தது மூன்றாம் நாள், சிறுநீர் நின்ற பிறகு. காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு வீட்டில் கடித்த அன்று இரவே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டது. இதே லில்லியை நாய் தின்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்குத்தான் இந்தக் கொடுமை.

வேலியில் செங்காந்தள் படர்ந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், கிழங்கோடு.

ஏதாவது கடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் வேலை வேண்டாம். கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், குட்டிக்குக் கடிக்க ஏதாவது வேண்டுமே! ஒரு தொட்டியில் அருகம்புல் வளருங்கள். களை பிடுங்கும்போது குப்பைமேனி வேரைக் கண்டு அது கிறங்கிப்போய் உருண்டால் பயந்துவிடாதீர்கள். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வந்ததே அதனால்தான். மாமியாரைக் கேளுங்கள், இது அவருக்குத் தெரிந்திருக்கும்.