ஸ்கியோப்பெத்தீனோ சிவப்பு வைனில் மிளகு வாசம் வருகிறதே, மிளகு சேர்க்கிறார்களா?

இல்லை, ஒரு மணி மிளகுகூடச் சேர்ப்பதில்லை. வாசம் திராட்சைத் தோலிலேயே இருக்கிறது. ரோட்டண்டோன் என்ற சேர்மம்தான் காரணம். நம் ரசத்தில் மணக்கும் மிளகிலும் அதுவே இருக்கிறது. அந்தத் தொடர்பை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் என்ற வேறொரு திராட்சை வகையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே இல்லை. ஆகவே உங்கள் நண்பர் 'மிளகா, எங்கே?' என்று கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள்; அவர் மூக்கின் அமைப்பு அப்படி.

ஸ்கியோப்பெத்தீனோ திராட்சையின் ஊர், இத்தாலியின் வடகிழக்கில் ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ஃப்ரியூலி. குறிப்பாக ப்ரெபோட்டோ கிராமம். கொடியின் வேரைத் தாக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சிக்குப் பின் கிட்டத்தட்ட அழிந்துபோன வகை. 1970களில் ரோங்கி டி சியாலா பண்ணையை நடத்திய ரபூஸி குடும்பம் மிஞ்சிய கொடிகளைத் தேடிச் சேர்த்து நட்டது. அதன் பிறகுதான் இது மெல்லத் தலைதூக்கியது.

சுவைக்கும்போது 16 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, அகன்ற கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதலில் கருநிறப் பழங்கள், பிறகு மிளகு, சில சமயம் ஊதாப்பூவின் சாயல். நாக்கில் புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு அடக்கமாகவும் இருக்கும். திடமான, கனத்த வைனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எனக்கு அந்த மெலிவே பிடிக்கிறது. வறுத்த வாத்து, காளான் உணவுகளுடன் நன்றாகப் பொருந்தும்.