குறும்படத்தை எங்கே ஏற்றுவது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் காசு போட்டு 26 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். எடிட்டிங் முடிந்து ஒலி மிக்ஸிங் நடக்கிறது. உடனே யூடியூபில் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். விமியோதான் சினிமாக்காரர்களின் தளம் என்கிறார் இன்னொருவர். திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் ஆசையும் இருக்கிறது. போட்ட காசில் கொஞ்சமாவது திரும்ப வந்தால் நல்லது. எந்தத் தளம் சரி? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: படத்தை இப்போதைக்கு எந்தத் தளத்திலும் பொதுப் பார்வைக்கு விட்டுவிடாதீர்கள். யூடியூபா விமியோவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இன்று உங்கள் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் விழாத் தேர்வாளர்கள். பொதுமக்கள் பார்ப்பது அதற்கு அடுத்த கட்டம். இந்த இரண்டு கட்டத்துக்கும் ஒரே தளம் பொருந்தாது.

இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. ஆஸ்கர் குறும்படப் பிரிவில், தகுதிக்கான திரையிடலோ தகுதி தரும் விழாப் பரிசோ கிடைப்பதற்கு முன்பே படம் இணையத்தில் பொதுவில் வந்திருந்தால் போட்டிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே நீளத்தின் உச்சவரம்பு 40 நிமிடம் என்பதால் உங்கள் படத்துக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான் வரம்பு, அதை நீங்கள் மறந்துவிடலாம். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரளச் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா, மும்பைச் சர்வதேசத் திரைப்பட விழா இரண்டும் நம் பக்கத்தில் இருப்பவர்கள் அவசியம் குறி வைக்க வேண்டியவை. ஒவ்வொரு விழாவின் விதிமுறையிலும் முதல் திரையிடல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்பு படிக்க வேண்டிய பத்தி அது.

சரி, தேர்வாளர்களுக்கு எப்படிக் காட்டுவது? பல விழாக்கள் ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. அந்தத் தளத்திலேயே படத்தை ஏற்றிவிடலாம். நீங்கள் விண்ணப்பித்த விழாக்காரர்கள் மட்டும் பார்ப்பார்கள், இதற்குத் தனிச் செலவு இல்லை. கையில் காசு குறைவு என்றால் இதுவே போதும்.

விமியோவைத் தயாரிப்பாளர்களும் விழாக்காரர்களும் விரும்புவதற்கு உருப்படியான காரணங்கள் உண்டு. கடவுச்சொல் போட்டு இணைப்பை அனுப்பலாம். அதைவிட முக்கியமாக, இணைப்பு மாறாமல் உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் மாற்றலாம். இதன் அருமை விழாவுக்கு அனுப்பியவர்களுக்குத் தெரியும். இருபது விழாவுக்கு இணைப்பு போய்விட்டது, அப்புறம்தான் கண்ணில் படுகிறது, பதினோராவது நிமிடத்தில் சப்டைட்டில் இரண்டு நொடி தாமதம் என்று. விமியோ என்றால் திருத்திய கோப்பைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். யூடியூபில் அது நடக்காது. புதிதாக ஏற்ற வேண்டும், புது இணைப்பு வரும், இருபது பேருக்கும் மறுபடி மின்னஞ்சல் போட வேண்டும்.

யூடியூபில் ‘அன்லிஸ்டெட்’ என்று போட்டு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், ஆனால் இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம், வாட்ஸ்அப்பில் தள்ளிவிடலாம். ‘பிரைவேட்’ என்றால் பார்ப்பவர் ஒவ்வொருவரின் கூகுள் மின்னஞ்சலையும் நீங்கள் சேர்க்க வேண்டும், நடுவர் குழுவுக்கு அது ஒத்துவராது.

ஆனால் விமியோவை நிரந்தர வீடாக நினைக்காதீர்கள். 2004இல் படைப்பாளிகளுக்கென்று ஆரம்பித்த தளம்தான். பிற்பாடு அதன் கவனம் நிறுவனங்களின் பக்கம் போய்விட்டது. 2022இல், பார்வையாளர் அதிகம் உள்ள சில சிறு படைப்பாளிகளிடம் கூடுதல் கட்டணம் கேட்டுப் பெரிய சர்ச்சையானது. 2025இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் 1.38 பில்லியன் டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. கை மாறும் தளத்தில் கட்டணமும் விதியும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அதனால் விழாக்களுக்கு அனுப்பும் காலத்துக்கு மட்டும் கட்டணத் திட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 2012இல் திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோவை முழுவதுமாக முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்தியது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் தடைப் பட்டியலிலும் அது சில நாள் இருந்தது. எனவே ஒரே தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஃபிலிம்ஃப்ரீவேயில் ஒரு பிரதி, விமியோவில் ஒரு பிரதி என்று வையுங்கள்.

விழாச் சுற்று முடிந்ததும் பொது வெளியீடு. அங்கே எனக்குத் தயக்கமே இல்லை, யூடியூப்தான். தமிழ் பார்வையாளர் அங்கேதான் இருக்கிறார். இயக்குநர் பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம் இணையத்தில் பரவிய பிறகுதான் 2012இல் அது முழுநீளப் படமாக வந்தது. வாய்ப்பு தரக்கூடியவர் உங்கள் படத்தைத் தற்செயலாகப் பார்ப்பது அங்கேதான் நடக்கும்.

காசு விஷயத்தில் பெரிய நம்பிக்கை வேண்டாம். விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸுக்குத் தனிக் கணக்கு). அதற்குப் பிறகு விளம்பர வருவாயில் 55 சதவீதம் உங்களுக்கு. அந்த எண்ணிக்கையைத் தொடும் முன்பும் யூடியூப் உங்கள் படத்தில் விளம்பரம் போடலாம், அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. ஒற்றைப் படத்துக்காகப் புதுச் சேனல் தொடங்குவதைவிட, ஏற்கெனவே பார்வையாளர் உள்ள குறும்படச் சேனலிடம் பேசிப் பாருங்கள். ஆனால் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை வருடம், எந்த மொழி, முழுநீளப் படமாக்கும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும்.

சொந்தத் தளத்தில் டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்ற எண்ணம் வந்தால், கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் போன்ற சேவைகள் பார்க்கப்படும் நிமிடத்துக்குக் காசு வாங்கும். ஆயிரம் நிமிடத்துக்கு ஒரு டாலர், சேமிப்புக்குத் தனி. உங்கள் படத்தை ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 26 டாலர். கணக்குக்குக் கட்டுப்படியாகும், ஆனால் அந்த ஆயிரம் பேரை அங்கே வரவழைப்பதுதான் பெரிய வேலை.

மிக்ஸிங் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி உரிமைச் சோதனை ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும். டீக்கடைக் காட்சியில் பின்னணியில் ரேடியோவில் பழைய பாட்டு ஓடுகிறதா? கோயில் கொடை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு சிக்கியிருக்கிறதா? சில நொடி போதும், இசை நிறுவனம் உரிமை கோரிவிடும், வருவாய் அவர்களுக்குப் போய்விடும். சில சமயம் படமே முடங்கும். எதிர்த்து முறையிட்டால் அவர்கள் பதில் சொல்ல 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். அதனால் இப்போதே அந்தத் தடத்தை எடுத்துவிட்டு வேறு ஒலி வையுங்கள். உங்கள் இசையமைப்பாளரிடமும் கேளுங்கள். அவர் இதே இசையை ஏதாவது இசை விநியோக நிறுவனம் வழியாக வெளியிட்டால், உங்கள் படத்தின் மீதே உரிமைக் கோரிக்கை வரும். வெளியிடும் முன் உங்கள் சேனலுக்கு விலக்கு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ஏற்றும் கோப்பு பற்றி: மாஸ்டரை (இறுதி மூலக் கோப்பை) புரோரெஸ் 422 ஹெச்கியூ என்ற உயர்தர வடிவில் எடுத்தால் 1080 தெளிவில் உங்கள் படம் சுமார் 34 ஜிபி வரும். யூடியூப் பரிந்துரைக்கும் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) அளவில் எடுத்தால் ஒன்றரை ஜிபிதான், ஆனால் யூடியூப் அதை மறுபடி சுருக்கும்போது இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகப் போய்விடும். வீட்டு இணைப்பு தாங்கும் அளவுக்குப் பெரிய கோப்பையே ஏற்றுங்கள். மாஸ்டரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். எந்தத் தளமும் காப்பகம் ஆகாது. சப்டைட்டிலைப் படத்தில் பொறித்துவிடாமல் எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாகத் தனியே ஏற்றுங்கள். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட படம் என்பதால் யூடியூப் கணக்கைக் கைபேசி எண்ணால் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் காசு போட்டிருக்கிறீர்கள், சேனல் யார் மின்னஞ்சலில் இருக்கப் போகிறது? யூடியூப் ஸ்டுடியோவில் மற்றவர்களையும் மேலாளர்களாகச் சேர்க்க முடியும். கடவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டாம். வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, படத்தை எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் யார் முடிவெடுப்பது என்று ஒரு பக்கம் எழுதி ஐவரும் கையெழுத்துப் போடுங்கள். மிக்ஸிங் முடிவதற்குள் இதையும் முடித்துவிடுங்கள்.