மெதுவாக நகரும் ஸ்டெல்த் கேம் எனக்கு ஒத்துவருமா?

துப்பாக்கிச் சண்டை கேம்களையே ஆடிப் பழகிய நீங்கள், எதிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து முன்னேறும் ஸ்டெல்த் வகை ஆட்டமான ஷேடோ டாக்டிக்ஸை வாங்கினால் பாதியில் சலித்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். பொறுமை இருக்கிறதா என்று யோசிப்பதைவிட, ஒருவருடைய நடமாட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள்.

ஜெர்மனியின் மிமிமி நிறுவனம் உருவாக்கி, 2016இல் வெளிவந்த இந்த ஆட்டத்தின் கதை, 1615ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்குகிறது. காவலாளியின் பார்வை பச்சை விசிறியாகத் தரையில் விரியும். அதன் கோடிட்ட பகுதியில் குனிந்து சென்றால் தப்பலாம், நிமிர்ந்தால் மாட்டிக்கொள்வோம். முதல் சில நாட்கள் எனக்கும் எரிச்சலாகவே இருந்தது. பனி மூடிய மலைச்சாலையில், நாம் இயக்கும் யூகி என்ற சிறுமியின் காலடித் தடத்தைப் பிடித்தே காவலாளி வந்து கண்டுபிடித்துவிடுவான். மூன்று முறை அப்படித் தோற்றபின், அந்தத் தடத்தையே தூண்டிலாக்கத் தோன்றியது. வேண்டுமென்றே அவன் கண்ணில் படும் இடத்தில் தடம் பதித்து, அது முடியும் இடத்தில் பொறியை வைத்துவிட்டுப் புதருக்குள் பதுங்கினேன். அவன் தடத்தைக் கண்டு தயங்கினான்; பிறகு அதைத் தொடர்ந்து ஒவ்வோர் அடியாக வந்து பொறியில் கால் வைத்தான். அந்தச் சில நொடிகள் நான் மூச்சுவிடாமல் இருந்தேன். அந்த இரவுதான் இது எனக்கான ஆட்டம் என்று தெரிந்துகொண்டேன்.

வேகமான ஆட்டங்களைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றையும் நான் விரும்பி ஆடுகிறேன். ஆனால் அரை மணி நேரம் ஆடிவிட்டு 'மொக்கை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதுபவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இவ்வளவு நுணுக்கமாக உழைத்த அந்த நிறுவனம், 2023இல் தன்னை மூடிக்கொள்ளப்போவதாக அறிவித்தபோது, சொந்த இழப்பைப் போல வலித்தது.

இன்னொன்றையும் பாருங்கள். கடைசியாகச் சேமித்து ஒரு நிமிடம் கடந்தால் ஆட்டமே திரையில் நினைவூட்டும். அடிக்கடி சேமித்து, பிசகினால் சேமித்த இடத்திலிருந்து திரும்ப ஏற்றி ஆடும்படியே இதை வடிவமைத்திருக்கிறார்கள். திரும்ப ஏற்றுவதைத் தோல்வியாக நினைத்துக் குமைபவராக இருந்தால், இது உங்களை வாட்டும். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருக்கும் நிலையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே பயிற்சி போல அமைந்த முதல் கட்டமான ஒசாகா கோட்டையோடு முடிவெடுக்காமல், அந்த நேரத்திற்குள் பனிச்சாலையையும் தொட்டுப் பாருங்கள்.