3 நிமிஷம் டிவி, 30 நிமிஷம் சண்டை: ஸ்போக்கன் இங்கிலீஷ் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில சாயங்கால கிளாஸ் எடுக்கேன். டிவி ஷோ போட்டு புள்ளையள இங்கிலீஷ் பேச வைக்கது எப்படின்னு ஆளாளுக்கு கேக்கீய, முடிஞ்ச மட்டும் சொல்லுதேன்.

அம்பாசமுத்திரத்துலேந்து ஒரு டீச்சர்: அக்கா, ஃப்ரெண்ட்ஸ்னு அமெரிக்கா காமெடி ஷோ இருக்குல்லா, அதுல ஒரு எபிசோட் முழுசா போட்டேன், எல்லாம் நல்லா சிரிச்சாங்க. முடிஞ்சதும் எனி ஒபினியன்னு கேட்டா ஒருத்தரும் வாய தொறக்கல.

முழுசா போட்டதுதான் தப்பு தாயி. 22 நிமிஷத்துக்குள்ள ரெண்டு மூணு கதை குறுக்கும் நெடுக்குமா ஓடும், யாரு யாருக்கு என்ன வேணும்னு புரியதுக்குள்ள முடிஞ்சிரும், அவிய சிரிச்சது கூட பின்னாடி வருதுல்லா அந்த சிரிப்பு சத்தத்த கேட்டுத்தான். நான் 3 நிமிஷந்தான் போடுவேன், சண்டை முத்துத எடத்துல டப்புன்னு நிறுத்திருவேன். ரெண்டாவது சீசன்ல ஹோட்டல் சீன் ஒண்ணு உண்டு, சம்பாத்தியம் கம்மியா உள்ளவங்க சூப்பு, சாலட்டுன்னு சின்னதா வாங்கி தின்னுருப்பாவ, பில்லு வந்ததும் அந்த கூட்டத்துல ராஸுன்னு ஒருத்தன் எல்லாருக்கும் சமமா பிரிப்பான். அங்கன நிறுத்திட்டு, குத்தாலத்துக்கு வேன் பிடிச்சு போறோம், வேலை இல்லாதவன்ட்டயும் அதே காசு வாங்கலாமான்னு கேட்டேன். மூணு மாசமா வாயே தொறக்காத பீடி சுத்துத அக்கா ஒண்ணு, "நோ மணி, நோ கம். பட் யூ ஆஸ்க் ஃபர்ஸ்ட்"னு எந்திரிச்சு நின்னு சொல்லிச்சு பாருங்க. பெறவு அரை மணி நேரம் எனக்கு வேலையே இல்ல.

மேலப்பாளையம்: சப்டைட்டில் போடலாமா?

தமிழ்ல போடாதீய, கண்ணு கீழயே நிக்கும், காது தூங்கிரும். மொத தடவ சும்மா, ரெண்டாவது தடவ இங்கிலீஷ் சப்டைட்டில். அம்புட்டுதான்.

திசையன்விளை தம்பி: எங்க செட்டுல ஹலோ ஹவ் ஆர் யூ தாண்டி ஒண்ணும் வராது, அமெரிக்கா ஷோ எல்லாம் ஓவர் அக்கா.

அப்ப மிஸ்டர் பீன் போடு. 1990ல ஆரம்பிச்சது, மொத்தமே 15 எபிசோட், அந்தாளு பேசுததே கெடையாதுன்னு வச்சுக்கோ, அதனால பேச்ச நம்ம புள்ளையதான் குடுக்கணும். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வை, ஒருத்தன் டிவிய பாத்து, இன்னொருத்தன் டிவிக்கு முதுக காட்டி. பாக்கவன் ஹி இஸ் ஓப்பனிங், ஹி இஸ் ஹைடிங்னு சொல்லிக்கிட்டே வரணும், மத்தவன் வொய், வேர்னு கொடைஞ்சு எடுக்கணும். கடைசில முதுக காட்டுனவன்தான் கதைய சொல்லணும், அவன் தப்பா சொல்ல இவன் "நோ நோ நாட் தட்"னு குதிக்க, பக்கத்து வீட்டுக்காரவிய எட்டிப் பாக்க அளவுக்கு சத்தம் வரும் பாரு.

கடையநல்லூர்: தமிழ் சீரியல் கதைய இங்கிலீஷ்ல சொல்ல விடலாமா? எங்க சார் கேவலமா பாக்காரு.

தாராளமா விடலாம். கதை தெரியும், ஆளு தெரியும், அந்த மாமியா மேல கோவம் ஏற்கெனவே இருக்கு, இங்கிலீஷ் மட்டுந்தான் புதுசு. மைனி, நாத்தனா, கொழுந்தியா எல்லாத்துக்கும் சிஸ்டர் இன் லா ஒண்ணுதான்னு தெரிஞ்ச அன்னைக்கு, அப்ப எந்த சிஸ்டர் இன் லான்னு எப்படி சொல்லன்னு கேட்டு கேட்டு கிளாஸே அதுல போச்சு. ஹஸ்பண்ட்ஸ் சிஸ்டர், பிரதர்ஸ் வைஃப்னு அவியளே கண்டுபிடிச்சாவ.

வள்ளியூர் நர்ஸ்: வெளிநாட்டு வேலைக்கு கேக்காங்களே ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட், அதுல ஸ்பீக்கிங்குக்கு இது ஒதவுமா?

ஒதவும். அந்த ஸ்பீக்கிங் டெஸ்ட் 11லேந்து 14 நிமிஷம், ரெண்டாவது பார்ட்டுல கார்டு குடுத்து 1 நிமிஷம் யோசிக்க விட்டு 2 நிமிஷம் வரைக்கும் பேச சொல்லுவாவ. அதே கணக்குல, பாத்த சீன பத்தி 1 நிமிஷம் குறிப்பெடுத்து 2 நிமிஷம் பேசிப் பழகுங்க. ஆக்ஸண்ட் மட்டும் காப்பி அடிக்காதீய, கேக்க சகிக்காது.

தென்காசி: மைண்ட் யுவர் லாங்வேஜ் போடலாமா? அதுவே இங்கிலீஷ் கிளாஸ் கதைதான?

1977ல லண்டன்ல எடுத்தது, நானும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். ஆனா அதுல தப்பா பேசுதவந்தான் ஜோக்கு. தப்பா பேசிருவோமோன்னு பயந்துதான் நம்ம ஆளுவ வாயே தொறக்க மாட்டேங்காவ, அவியள்ட்ட போய் அத எதுக்கு காட்டணும்? ஆறு மாசம் ஆன செட்டுக்குன்னா போடுங்க.

மறுபடி அம்பாசமுத்திரம்: சண்டை நடக்கும்போது தப்ப திருத்தவா?

திருத்துனா சண்டை அமந்துரும். நோட்டுல எழுதி வச்சுக்கோ, கடைசி 5 நிமிஷத்துல நாலு வாக்கியம் மட்டும் போர்டுல போடு, யாரு சொன்னான்னு சொல்லாத.

திசையன்விளை தம்பி: நடுவுல கரண்டு போனா என்ன செய்ய அக்கா?

எங்களுக்கு போன மாசம் அப்படித்தான் போச்சு. மீதி கதைய இருட்டுல ஆளுக்கு ஒரு வரியா சொல்லச் சொன்னேன். கரண்டு வந்த பெறவு டிவிய போடுங்கன்னு ஒருத்தர் கூட கேக்கல.