மரத்தை வெட்டும் முன் கரையின் மேல்விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் கடலோரமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குக் கீழே ஒரு மண்மேடு, அதன் அடியில் கடற்கரை. மேட்டு மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. கரையில் சாய்ந்து நிற்கும் மரங்களை வெட்டிவிட்டு, பாறைக்கல்லால் தடுப்புச் சுவர் கட்டலாம் என்று நினைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரோ, "அந்த மணலில் மீன் முட்டையிடும், கை வைக்காதீர்கள்" என்கிறார். நாங்கள் ஒரு மீனைக்கூட அங்கே பார்த்ததில்லை. காய்ந்து கிடக்கும் மணலில் மீன் முட்டையிடுமா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: முட்டையிடும். உங்கள் கரையிலும் இட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மீனைப் பார்க்கவில்லை என்பதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். மீன் கரையோரம் வந்து போவது கொஞ்ச நேரம்தான். முட்டைகள்தான் வாரக்கணக்கில் அங்கே கிடக்கும்.

உங்கள் கரைக்கு வரக்கூடியவை இரண்டு மீன்கள்: சர்ஃப் ஸ்மெல்ட், பசிபிக் சாண்ட் லான்ஸ். இரண்டும் பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாத, கூட்டமாகத் திரியும் வெள்ளி நிற மீன்கள். சால்மனும் கடற்பறவைகளும் இவற்றைத் தின்றுதான் வளர்கின்றன. அந்தக் கடலில் வாழும் ஓர்க்கா திமிங்கிலங்களின் முக்கிய உணவான சினூக் சால்மனும் அதில் அடக்கம். இதே கூட்டத்தில் மூன்றாவதாகச் சொல்லப்படும் ஹெர்ரிங், கரைக்குக் கீழே கடற்புற்களின் மேல் முட்டையிடும். படகுத்துறை கட்டுபவர்கள் அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும். நீங்கள் யோசிக்க வேண்டியது முதல் இரண்டைப் பற்றி.

சர்ஃப் ஸ்மெல்ட் செய்வதைக் கேளுங்கள். கடல் நன்றாக ஏறி நிற்கும் நேரத்தில், சில அங்குலத் தண்ணீரே இருக்கும் கரையின் மேற்பகுதிக்கு அது வருகிறது. ஒரு பெண் மீனோடு பல ஆண் மீன்கள் சேர்ந்து வரும். முட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதன் வெளியுறை கிழிந்து, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, ஒட்டும் காம்பு போலாகி ஒரு மணற்பருக்கையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பருக்கையின் அளவு முக்கியம். 1 முதல் 7 மில்லிமீட்டர் வரையிலான பருமணலும் பொடிச்சரளையும் கலந்த கரைதான் இதற்குத் தோதானது. அப்புறம் அலை வந்து முட்டைகளை மேல்மணலோடு கலந்து மூடிவிடும். கடல் வற்றிய பிறகு அவை தண்ணீருக்கு வெளியே, ஈரச்சரளையின் இடுக்கில் வளர்கின்றன.

கடலுக்குள் முட்டையைத் தின்னும் உயிர்கள் அங்கே எளிதில் எட்டுவதில்லை, காற்றும் தாராளம். ஆனால் வெயிலையும் வறட்சியையும் தாங்கியாக வேண்டும். உங்கள் மரங்களின் பங்கு இங்கேதான் வருகிறது. வடக்கு பியூஜெட் சவுண்டில் இயற்கையான ஒரு கரையையும், சுவர் கட்டி மரங்கள் நீக்கப்பட்ட ஒரு கரையையும் ஒப்பிட்டு 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நிழலில்லாத கரையில் மணல் அதிகச் சூடாக இருந்தது, காற்றில் ஈரம் குறைவு. அங்கே கிடைத்த சர்ஃப் ஸ்மெல்ட் முட்டைகளில் உயிருள்ள கரு இருந்தவற்றின் விகிதம், இயற்கையான கரையில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். கடலை மறைக்கிறது என்று நாம் வெட்ட நினைக்கும் கிளைதான் அந்த முட்டைகளுக்குக் கூரை.

சாண்ட் லான்ஸ் கதை வேறு. அது நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை முட்டையிடுவதால் வெயில் அதற்குப் பெரிய தொல்லை இல்லை. அதற்குத் தேவை மெல்லிய மணல், பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். மணலில் சிறு சிறு குழிகளை உண்டாக்கி முட்டையிடும். ஒவ்வொரு முட்டையிலும் பல மணல்துகள்கள் ஒட்டிக்கொள்வதால், தெரியாதவர்களுக்கு அது மணலாகவே தெரியும். பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும்.

சர்ஃப் ஸ்மெல்ட்டுக்கு இப்படி ஒரே பருவம் சொல்ல முடியாது. பியூஜெட் சவுண்டுக்குள்ளேயே சில கரைகளில் கோடையில் இடும், சிலவற்றில் இலையுதிர் காலமும் குளிர்காலமும், இன்னும் சிலவற்றில் ஆண்டு முழுவதும். கோடையில் இரண்டு வாரத்தில் பொரித்துவிடும். குளிரில் நான்கு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம். ஆகவே "குளிர்காலத்தில் வேலையை முடித்துவிட்டால் பிரச்சினை இல்லை" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் கரையின் பருவம் எது என்று தெரிய வேண்டும்.

சரி, சுவர் விஷயம். சியாட்டிலில் கடல் ஒரு நாளில் ஏறி இறங்கும் உயர வித்தியாசமே சராசரியாக 11 அடிக்கு மேல். அவ்வளவு அகலமான கரையில் முட்டைக்குத் தோதானது மேலே இருக்கும் ஒரு குறுகிய பட்டைதான். பாறைச்சுவரின் அடிப்பகுதி வந்து உட்காருவதும் பெரும்பாலும் அதே பட்டையின் மேல். சுவர் கட்டிய அன்றே அந்த அளவுக்கு முட்டையிடும் இடம் போய்விடுகிறது. இன்னொரு பாதிப்பு மெதுவாக வரும். உங்களுக்குக் கவலை தரும் அந்த மண்சரிவுதான் கரைக்கு மணல் தருகிறது. அலைகள் அதை அள்ளிக் கரையோரமாகவே நகர்த்தி, அடுத்தடுத்த வீடுகளின் கரைகளிலும் சேர்க்கின்றன. மேட்டைப் பூட்டிவிட்டால் மணல் வரத்து நிற்கும். சுவரில் மோதித் திரும்பும் அலை, அங்கே மிஞ்சியிருக்கும் மெல்லிய மணலையும் வாரிக்கொண்டு போகும். கடல்மட்டம் உயர உயர, சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் கரை இன்னும் ஒடுங்கும். பியூஜெட் சவுண்ட் கரையில் கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே இப்படிச் சுவர் வைத்தாகிவிட்டது. இன்னும் ஒன்று சேர வேண்டுமா என்று நான் இவ்வளவு அழுத்திக் கேட்பது அதனால்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேப்பலின் என்ற மீன் கரையிலும் முட்டையிடும், தண்ணீருக்குள் கடலடித் தரையிலும் இடும். சர்ஃப் ஸ்மெல்ட்டுக்கு அப்படி மாற்றிடம் இருப்பதாக பியூஜெட் சவுண்டில் பதிவில்லை.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இணைய வரைபடத்தில் உங்கள் கரையைத் தேடுவது. முட்டை கண்டெடுக்கப்பட்ட கரைகள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். குறி இருந்தால் கேள்வியே இல்லை. குறி இல்லை என்றால் முட்டை இல்லை என்று பொருளாகாது. போதுமான தடவை பார்க்காமல் இருந்திருக்கலாம். முறையான பரிசோதனையில் 100 அடி நீளத்துக்கு மேற்பட்டையிலிருந்து மணல் எடுத்து, சல்லடைகளில் சலித்து, தண்ணீரில் சுழற்றி எடை குறைந்ததைத் தனியே பிரிப்பார்கள். தங்கத்தூள் தேடுபவர்கள் பயன்படுத்தும் சுழல் கிண்ணத்தையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். அதன்பின் நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணுவார்கள். நீங்களே மணலை அள்ளிக்கொண்டு வராதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். மேல்மணலை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்கேயே பார்ப்பதில் தவறில்லை.

இரண்டாவது, மண் ஏன் சரிகிறது என்று கரையோர நிலவியல் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் குற்றவாளி கடலாக இருப்பதில்லை. கூரைத் தண்ணீரும் தோட்டத்துத் தண்ணீரும் மேட்டுக்குள் இறங்கி மண்ணை ஊறவைக்கின்றன. அப்படியிருந்தால் ஒரு வடிகால் குழாய் போதும், சுவர் அதைத் தீர்க்காது. மரங்களை வெட்டினால் மண்ணைப் பிடித்திருக்கும் வேர்களும் நாளடைவில் செத்துச் சரிவு கூடலாம். கடல் தெரிய வேண்டுமென்றால், மாவட்டத் திட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு, நடுக்கிளைகள் சிலவற்றை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். கரைமேல் கவிந்திருக்கும் கிளைகளை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கே ஆபத்து என்று நிபுணர் சொன்னால் அப்போது பாதுகாப்பு தேவைதான், அதை மறுக்கவில்லை. அப்போதும் வீட்டைப் பின்னுக்கு நகர்த்த முடியுமா, மரத்தடிகளை நங்கூரமிட்டு வைக்கலாமா, சரியான அளவு மணலும் சரளையும் கொட்டிக் கரையை உயர்த்தலாமா என்று வரிசையாகப் பாருங்கள். எந்த வேலையானாலும் மீன்துறையின் நீர்ப்பணி ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. முட்டையிடும் கரையென்றால் வேலைக்கான மாதங்களை அவர்களே வரையறுப்பார்கள். பழைய சுவரை மாற்றிக் கட்டுபவர்களும் பாதிப்பு மிகக் குறைந்த வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்துவிட்டது. ப்யூரியன் நகரின் சீஹர்ஸ்ட் பூங்காவில் இருந்த கடற்சுவரையே இரண்டு கட்டங்களாக அகற்றிக் கரையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அதுவரை கரையில் தாராளமாக நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். மேல்விளிம்பில் வண்டி ஓட்டுவதையும் குழி தோண்டுவதையும் மட்டும் தவிருங்கள். ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசியையும் மரக்கட்டைகளையும் சுத்தம் செய்கிறேன் என்று வாரி எடுக்காதீர்கள், கீழே இருக்கும் மணலின் ஈரத்தை அவையும் காக்கின்றன.