சிறையைக் காட்டினால் திருந்துவார்களா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஆலய இளைஞர் பிரிவுக்கு நான் செயலாளர். அடுக்குமாடியில் இருக்கும் படிவம் 3, 4 பையன்கள் சிலர் மாலையானால் ஒரு கும்பலோடு சுற்றுகிறார்கள். போன மாதம் கைப்பேசித் தகராறில் இருவர் ஹெல்மெட்டால் அடித்துக்கொண்டார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் முகாம் வைத்து, சிறையைச் சுற்றிக் காட்டி, முன்னாள் குண்டர் ஒருவரைப் பேச வைக்கலாம் என்கிறது நிர்வாகம். சரிவருமா அக்கா?

பதில்: வராது தம்பி. நிர்வாகத்தினர் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும், முதலில் சிறைப் பயணத்தை ரத்து செய்யுங்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970களில் இதைச் செய்து பெரிய பெயர் வாங்கினார்கள். ஆயுள் கைதிகள் பையன்களைச் சூழ்ந்து நின்று, கத்திப் பயமுறுத்துவார்கள். பிற்பாடு இப்படிப்பட்ட திட்டங்களை ஆராய்ந்தவர்கள், உள்ளே போய் வந்தவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். போய் வந்தவர்கள்தான் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். பேசாமல் வீட்டிலேயே விட்டிருக்கலாம்.

முன்னாள் குண்டருக்கு மைக் கொடுப்பதும் வேண்டாம். அவர் வெட்டுத் தழும்பைக் காட்டிப் பழைய கதை சொல்வார். பின்வரிசைப் பையன் வாய் பிளந்து கேட்பான். சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் தொடங்கிய திட்டத்தில் இவர்களைப் போன்றோருக்கு மேடை கிடையாது, பயிற்சியும் வேலையும் உண்டு. ஒருவன் அடிபட்டால், பழிவாங்க ஆள் கிளம்புவதற்குள் இரு தரப்பையும் பார்த்துச் சூட்டைத் தணிப்பதுதான் அந்த வேலை.

அதே சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்காக 'பிகமிங் எ மேன்' என்றொரு வாராந்தர வட்டம் நடக்கிறது. அதில் ஒரு விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள். அதை 30 நொடிக்குள் எடு என்பார்கள் மற்றவனிடம். விரலை முறுக்குவான், கையைப் பிராண்டுவான், ஒரே மல்லுக்கட்டு. முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: "கொடு என்று ஏன் யாருமே கேட்கவில்லை?" கேட்டால் கோழை என்று நினைப்பானே என்பான் இவன். பந்து வைத்திருந்தவனைக் கேட்டால், "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான். உங்கள் ஹெல்மெட் சண்டையும் ஏறத்தாழ இதுதான், இல்லையா?

அந்த வட்டத்தில் இருந்த காலத்தில், வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது பாதியளவு குறைந்ததாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆனால் வட்டம் முடிந்த பிறகு கைது விஷயத்தில் அந்தப் பலன் நீடிக்கவில்லை. வாரந்தோறும் நடந்ததற்கே இந்தக் கதி என்றால், ஒரு நாள் முகாமால் என்ன ஆகும்? சாப்பாடும் டீ-சட்டையும்தான் மிஞ்சும்.

2013இல் நம் மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களைப் பட்டியலிட்டுச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. பட்டியல் வந்ததால் பையனின் மாலைப்பொழுது நிரம்பிவிடவில்லை. பள்ளி விட்டு வந்தால் அம்மா வேலையில், அப்பா லாரியில். "சாப்பிட்டாயா?" என்று கேட்டு மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கித் தருபவன் கும்பலில்தான் இருக்கிறான். அந்த நேரத்துக்கு ஆலய மண்டபத்தைத் திறந்து வையுங்கள். வாரம் இரண்டு நாள், ஒரே ஆள், வருடம் முழுக்க. அந்தப் பந்து விளையாட்டை அங்கே நடத்துங்கள். பந்து வாங்கக்கூட வேண்டாம், ஆலயத்தில் எலுமிச்சம்பழத்துக்கா பஞ்சம்? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் கணக்கு நோட்டையும் அவர்களிடமே கொடுங்கள். பெரியவர்கள் பதறுவார்கள், பதறட்டும்.

பள்ளியை விட்டே நின்றுவிட்டவன் இருந்தால், உலு சிலாங்கூர் கலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் தங்கும் வசதியோடு தொழிற்பயிற்சி தருகிறது. பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள். கத்தி, பாராங் என்று பேச்சு வந்தால் மட்டும் நீங்களாகச் சமரசம் பேசாதீர்கள், போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஹெல்மெட்டால் அடித்துக்கொண்டார்கள் என்று எழுதினீர்கள். இப்போது அந்த இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவில்லையே? முகாமுக்குப் பேனர் அடிக்கக் கொடுக்கும் முன் இரண்டு வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.